அந்த 12 சதவீதத்தை எங்க எழுதி வைக்கிறது?

(ஆடியோவில் பேசியதன் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

ஜிஎஸ்டின்னு சொன்னா செங்கல்பட்டுக்காரங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது ரோடுதான். தாம்பரம், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள்கோவில்னு நீண்டு போற கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. இன்னைக்கு நாம பேசப்போறது இன்னொரு ஜிஎஸ்டி. பில்லுல கடைசியா வந்து உட்கார்ற ஜிஎஸ்டி. அதை வச்சு, வெப் ஆப் எழுதுறவங்க எல்லாரும் ஒரு நாள் மாட்டிக்கிற ஒரு கேள்வியைப் பார்ப்போம்: கோடுக்கு வெளியில இருந்து மாத்தக்கூடிய செட்டிங்க்ஸை எப்படி டிசைன் பண்றது?

தலைப்பைக் கேட்டாலே கொட்டாவி வரும்னு தெரியும். ஆனா இது தப்பா போனா ராத்திரி பதினொரு மணிக்கு போன் வரும். இல்லன்னா, யாரோ ஒருத்தர் தன் கைக்காசுல வரி கட்டுவார். அதனால கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

ஒரு சின்ன ஆப், ஒரு சின்ன நம்பர்

ஒரு உதாரணம் எடுத்துப்போம். மாமல்லபுரத்துல, கடற்கரைக் கோயிலுக்குப் போற பக்கம் ஒரு பன்னிரண்டு ரூம் கெஸ்ட் ஹவுஸ். ஓனர் உங்க நண்பரோட மாமான்னு வச்சுக்குங்க. "தம்பி, ரூம் புக்கிங்குக்கும் பில்லுக்கும் ஒரு ஆப் பண்ணிக் குடுப்பா"ன்னு கேட்கிறார். நீங்க ஜாங்கோவுல ரெண்டு வாரத்துல எழுதிக் குடுத்துட்டீங்க. வருஷம் 2023. ரூம் வாடகை 2,000 ரூபாய், ஜிஎஸ்டி 12 சதவீதம், மொத்தம் 2,240. எல்லாம் சரி.

இப்ப அந்த 12-ஐ எங்க எழுதுனீங்க?

பில் கணக்கு போடுற ஃபங்ஷனுக்குள்ளயே 12-னு எழுதியிருக்கலாம். கொஞ்சம் அனுபவம் இருந்தா செட்டிங்ஸ் ஃபைல்ல ஒரு பேர் வச்சு எழுதியிருப்பீங்க. இன்னும் யோசிச்சிருந்தா அட்மின் ஸ்கிரீன்ல ஒரு பெட்டி வச்சு, "மாமா, வரி மாறினா இங்க மாத்திக்குங்க"ன்னு சொல்லியிருப்பீங்க. மூணாவது வழி நல்ல டிசைன் மாதிரி தெரியுது இல்லையா? அந்தப் பெட்டி தாங்குமான்னு பார்க்க, ஹோட்டல் ரூம் ஜிஎஸ்டியோட வரலாறைப் பார்க்கணும்.

2017 ஜூலையில ஆரம்பிக்கும்போது 1,000 ரூபாய்க்குக் கீழ இருக்கிற ரூமுக்கு வரி கிடையாது. அதுக்கு மேல 12, 18, 28-னு அடுக்கு. 2018 ஜூலை கடைசியில கணக்கோட அடிப்படையே மாறுச்சு. அதுவரைக்கும் போர்டுல அறிவிச்ச வாடகையை வச்சு எந்த அடுக்குன்னு பார்த்தாங்க. அதுக்கு அப்புறம், கஸ்டமர் கிட்ட உண்மையில வாங்குன தொகையை வச்சுப் பார்க்கணும். 2019 அக்டோபர் 1-ல இருந்து 1,000 வரைக்கும் வரி இல்ல, 7,500 வரைக்கும் 12, அதுக்கு மேல 18. 2022 ஜூலை 18-ல 1,000 ரூபாய் விலக்கும் போச்சு, 7,500 வரைக்கும் எல்லாத்துக்கும் 12. பதினோரு நாள் கழிச்சு, ஜூலை 29-ம் தேதி மாமல்லபுரத்துல 44-வது செஸ் ஒலிம்பியாட் முதல் சுற்று. அப்புறம் 2025 செப்டம்பர் 22-ல இருந்து 7,500 வரைக்கும் 5 சதவீதம், இன்புட் டாக்ஸ் கிரெடிட் கிடையாது. அதுக்கு மேல 18 அப்படியே.

இந்த எட்டு வருஷத்துல என்னென்ன மாறியிருக்குன்னு பாருங்க. விகிதம் மாறுச்சு. எல்லைக்கோடு மாறுச்சு. அடுக்கோட எண்ணிக்கை மாறுச்சு. எதை வச்சு அடுக்கு பார்க்கிறதுங்கிற விதியும் மாறுச்சு. நீங்க மாமாவுக்கு வச்சுக் குடுத்த பெட்டியில ஒரே ஒரு நம்பர்தான் போட முடியும்.

பெட்டியில 5 போட்டா என்ன ஆகும்?

சரி, 2025 செப்டம்பர் 22 காலையில மாமா ஞாபகமா அட்மின் ஸ்கிரீனைத் திறந்து 12-ஐ அழிச்சிட்டு 5 போட்டுட்டார். 2,000 ரூபாய் ரூமுக்கு 2,100 வருது. சந்தோஷம்.

அன்னைக்கு மத்தியானம் ஒருத்தர் போன் பண்ணி, "ஆகஸ்ட்ல தங்குனோம், ஆபீஸ்ல கேட்கிறாங்க, பில் காப்பி வேணும்"னு கேட்கிறார். உங்க ஆப் பழைய பில்லைத் திறக்கும்போது மொத்தத்தைத் திரும்பவும் கணக்கு போடுதுன்னா, ஆகஸ்ட் பில்லுல 5 சதவீதம் வந்து நிக்கும். அவர் கிட்ட வாங்குனது 2,240, காப்பியில இருக்கிறது 2,100. மாமா முழிப்பார். அந்த மாசக் கணக்கை ஆடிட்டர் கேட்டா இன்னும் அதிகமா முழிப்பார்.

இன்னொரு சிக்கல். ஆகஸ்ட்லயே அட்வான்ஸ் கட்டிட்டு அக்டோபர்ல வந்து தங்குறவங்களுக்கு எந்த விகிதம்? இதுக்கு சட்டத்துலயே பதில் இருக்கு. சிஜிஎஸ்டி சட்டத்தோட 14-வது பிரிவு மூணு தேதியைப் பார்க்கச் சொல்லுது: சேவை குடுத்த நாள், பில் போட்ட நாள், பணம் வந்த நாள். சுருக்கமா சொன்னா, இந்த மூணுல ரெண்டு எந்தப் பக்கம் விழுதோ அந்தப் பக்கத்து விகிதம். வரி விஷயத்துல கடைசி வார்த்தை ஆடிட்டரோடதுதான். ஆனா புரோகிராமரா நமக்குக் கிடைக்கிற பாடம் ரொம்பத் தெளிவு. "இப்போ விகிதம் என்ன?"ன்னு கேட்கிற ஃபங்ஷன் போதாது. "இந்தத் தேதிக்கு, இந்த வாடகைக்கு விகிதம் என்ன?"ன்னு கேட்கிற ஃபங்ஷன் வேணும்.

அதனால அந்த 12 உண்மையில ஒரு செட்டிங்கே கிடையாது. அது தேதியோட வர்ற ஒரு தகவல். அதுக்கு வேண்டியது ஒரு டேபிள்: எந்த நாள்ல இருந்து, எந்த வாடகையில இருந்து, எந்த வாடகை வரைக்கும், எத்தனை சதவீதம். புது அறிவிப்பு வந்தா பழைய வரியை அழிக்கக் கூடாது, புது வரி சேர்க்கணும். செப்டம்பர் 22-க்கான வரியை மாமா 15-ம் தேதியே உட்கார்ந்து போட்டு வச்சிடலாம். அன்னைக்கு விடியக்காலையில யாரும் எழுந்து எதையும் மாத்த வேண்டாம். அதோட, பில் போட்ட நிமிஷத்துல எந்த விகிதத்தைப் பயன்படுத்துனோமோ அதை அந்த பில்லுக்குள்ளயே காப்பி எடுத்து வைக்கணும். பில் ஒரு சாட்சி. அதைத் திரும்பக் கணக்கு போடக் கூடாது.

இது வரிக்கு மட்டும் இல்ல. செங்கல்பட்டையே எடுத்துக்குங்க. 2019 நவம்பர் 29-ம் தேதிதான் அது காஞ்சிபுரத்துல இருந்து பிரிஞ்சு தனி மாவட்டம் ஆச்சு. முதல் நாள் வரைக்கும் தாம்பரத்துல வீடு இருந்தவருக்கு மாவட்டம் காஞ்சிபுரம். அடுத்த நாள் செங்கல்பட்டு. அவர் வீடு நகரல. தமிழ்நாட்டு மாவட்டப் பட்டியலை கோடுக்குள்ள 32 பேரா எழுதி வச்சிருந்த ஒவ்வொரு ஆப்புக்கும் அந்த வருஷம் வேலை வந்திருக்கும், ஏன்னா ஒரே வருஷத்துல அது 37 ஆச்சு. அடுத்த வருஷம் மயிலாடுதுறையோட 38. இங்கயும் அதே கதைதான்: 2018-ல போட்ட பத்திரத்துல காஞ்சிபுரம்னுதான் இருக்கணும். அதைப் போய் செங்கல்பட்டுன்னு திருத்துனா அது திருத்தம் இல்ல, தப்பு.

ரெண்டே கேள்வி

ஒரு நம்பரையோ வாக்கியத்தையோ எங்க வைக்கிறதுன்னு குழப்பம் வந்தா ரெண்டு கேள்வி கேட்டாப் போதும். ஒண்ணு, இதை மாத்துற முடிவு யாரோடது? ரெண்டு, அந்த முடிவு எந்த நாள்ல இருந்து செல்லும்?

டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, பேமெண்ட் கேட்வே சாவி இதெல்லாம் சர்வரைப் பார்த்துக்கிறவரோட முடிவு. இது அட்மின் ஸ்கிரீனுக்கு வரவே கூடாது. ஹெரோக்குவுல இருந்தவங்க 2011-ல எழுதுன ட்வெல்வ் ஃபேக்டர் ஆப் கோட்பாட்டுல ஒரு நல்ல பரீட்சை இருக்கு: இந்த நிமிஷமே உங்க கோடை ஓப்பன் சோர்ஸ் ஆக்குனா ஏதாவது ரகசியம் வெளிய போகுமா? போகும்னா, அந்த ரகசியம் கோடுல இருந்து என்விரான்மென்ட் வேரியபிளுக்குப் போகணும்.

செக்-அவுட் நேரம், எத்தனை மணி நேரத்துக்கு முன்னாடி கேன்சல் பண்ணா பணம் திரும்பக் கிடைக்கும், பில்லுக்குக் கீழ வர்ற நன்றி வாசகம், கெஸ்ட் ஹவுஸ் போன் நம்பர். இதெல்லாம் மாமாவோட முடிவு. இதை மாத்துறதுக்கு அவர் உங்களுக்கு போன் பண்ண வேண்டியிருந்தா, அவர் கடையோட சாவியை உங்க பையில வச்சுக்கிட்டு நீங்க சென்னையில சுத்துறீங்கன்னு அர்த்தம். இது ஸ்கிரீனுக்கு வரணும்.

வரி விகிதம் ஜிஎஸ்டி கவுன்சில், அரசாங்கம் எடுக்கிற முடிவு. மாமா அதைப் பதிவு மட்டும்தான் பண்றார். சீசன் வாடகையும் தேதியோட வர்றதுதான். டிசம்பர் கடைசி வாரம் ஒரு ரேட், ஜூன்ல ஒரு ரேட். இது தேதி போட்ட டேபிளுக்குப் போகணும்.

மிச்சம் எல்லாம், அதாவது பில் நம்பர் எப்படி வரிசையா போகணும், ஒரே ரூமை ரெண்டு பேருக்குக் குடுக்கக் கூடாதுங்கிற மாதிரி விதிகள், அது கோடோட வேலை. அதை யாரும் ஸ்கிரீன்ல மாத்தத் தேவையில்ல.

இந்தப் பிரிவினை நம்ம ஊர் ஃபிரேம்வொர்க் ஒண்ணுல அழகா இருக்கு. மும்பையில உருவான ஃப்ராப்பே, அதுமேல கட்டுன ஈஆர்பிநெக்ஸ்ட். அதுல டேட்டாபேஸ் பாஸ்வேர்டு மாதிரி விஷயங்கள் சைட் கான்ஃபிக் ஜேசன் ஃபைல்ல சர்வருக்குள்ள இருக்கும். ஆபீஸ்ல இருக்கிறவங்க மாத்துற விஷயங்களுக்கு சிங்கிள் டாக்டைப்னு ஒரு வகை உண்டு. சாதாரண டேபிள்ல நிறைய வரிகள் இருக்கும் இல்லையா, இதுல ஒரே ஒரு பதிவுதான். அதுக்கு ஃபார்ம், பெர்மிஷன் எல்லாம் மத்த டாக்குமெண்ட் மாதிரியே தானா கிடைக்கும். வரிக்கு வந்தா, பொருளோட வரிப் பட்டியல்ல எந்தத் தேதியில இருந்து செல்லும்னு ஒரு கட்டமே இருக்கு. நாம இவ்வளவு நேரம் பேசுன மூணு இடமும் அங்க தனித்தனியா இருக்கு. சோர்ஸ் திறந்தே கிடக்குது, போய் படிங்க.

ஜாங்கோ ஏன் வேணாங்குது?

ஜாங்கோவுல ஆப் ஓடிக்கிட்டு இருக்கும்போது செட்டிங்க்ஸை மாத்தாதீங்கன்னு அதோட டாக்குமெண்டேஷனே சொல்லுது. ஏன்னு யோசிச்சுப் பாருங்க. சர்வர்ல உங்க ஆப் ஒரே ஒரு பிராசஸா ஓடறதில்ல. நாலு வொர்க்கர் ஓடுதுன்னா, ஆரம்பிக்கும்போதே நாலும் அந்த செட்டிங்க்ஸை மெமரியில தனித்தனியா வச்சிருக்கும். ஒரு வொர்க்கர்ல மட்டும் நீங்க மதிப்பை மாத்துனா, ஒரு கஸ்டமருக்கு பழைய செக்-அவுட் நேரம், அடுத்தவருக்குப் புதுசு, ரெஃப்ரெஷ் பண்ணா திரும்பப் பழசு. அப்புறம் ரீஸ்டார்ட் பண்ணா நீங்க மாத்துனது மொத்தமா காணாமப் போகும்.

அதனால மாறக்கூடிய மதிப்பு எல்லா வொர்க்கரும் பார்க்கிற ஒரு பொது இடத்துல இருக்கணும். டேட்டாபேஸ், இல்லன்னா ரெடிஸ். ஜாங்கோ-கான்ஸ்டன்ஸ்னு ஒரு லைப்ரரி இதைத்தான் பண்ணுது. பேர், டைப், டீஃபால்ட் மதிப்பு எல்லாம் கோடுல இருக்கும். மாத்துன மதிப்பு மட்டும் டேட்டாபேஸ்லயோ ரெடிஸ்லயோ இருக்கும். என்ன செட்டிங் இருக்கலாம்னு கோடு தீர்மானிக்குது, அதுக்கு என்ன மதிப்புன்னு மாமா தீர்மானிக்கிறார். இதை நீங்களே எழுதுனாலும் இந்தக் கோட்டை அழிக்காதீங்க. கோடுல அறிவிக்காத ஒரு பேரை யாரும் ஸ்கிரீன்ல புதுசா உருவாக்க முடியக் கூடாது. அப்படி விட்டா ஒரு வருஷத்துல அந்த டேபிள் பழைய பரண் மாதிரி ஆகிடும். எதை எடுத்தா எது விழும்னு யாருக்கும் தெரியாது.

ஸ்கிரீன்ல என்னென்ன வேணும்?

முதல்ல அலகு. பெட்டிக்குப் பக்கத்துல "சதவீதம்", "மணி நேரம்", "ரூபாய்"னு எழுதியிருக்கணும். 5-ன்னு போடணுமா, 0.05-ன்னு போடணுமான்னு ஒருத்தரை யோசிக்க விடக் கூடாது.

ரெண்டாவது, காலிப் பெட்டிக்கு என்ன அர்த்தம்? பூஜ்ஜியமா, டீஃபால்ட்டா, தப்பா? கேன்சல் நேரத்தை யாரோ தெரியாம அழிச்சிட்டு சேவ் பண்ணிட்டாங்க, ஆப் அதை பூஜ்ஜியமா எடுத்துக்கிச்சுன்னா, வாசல்ல வந்து நின்னு கேன்சல் பண்றவருக்கும் முழுப் பணம் திரும்பப் போகும்.

மூணாவது, விளைவை முன்னாடியே காட்டுங்க. "இதை சேவ் பண்ணா 2,000 ரூபாய் ரூமுக்கு பில் 2,100 வரும்"னு ஒரு வரி. எல்லைக்கோட்டையும் காட்டுங்க. இன்னைக்கு 7,500 ரூபாய் ரூமுக்கு வரியோட 7,875. ஒரே ஒரு ரூபாய் ஏத்தி 7,501 வச்சா 18 சதவீதம், மொத்தம் 8,851 ரூபாய் 18 காசு. ஒரு ரூபாய் வாடகை ஏத்துனதுக்கு கஸ்டமருக்கு 976 ரூபாய் அதிகம். மாமா இதைப் பார்த்தா வாடகையை 7,501-னு வைக்கவே மாட்டார். ஒரு செட்டிங்ஸ் ஸ்கிரீன் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான்.

நாலாவது, யார், எப்போ, எதுல இருந்து எதுக்கு மாத்துனாங்க, ஏன். இந்தக் குறிப்பு இல்லாம திரும்பிப் போக முடியாது. திரும்பிப் போற தேவை எல்லாருக்கும் வரும். 2020 ஜூன்ல தமிழ்நாடு அரசு ஊர்ப் பேர்களோட ஆங்கில ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி மாத்தி ஆணை வெளியிட்டுச்சு. சில நாள்லயே அதைத் திரும்ப வாங்கிக்கிச்சு. அந்த வாரம் அவசரப்பட்டுப் பழைய பேர் மேலயே புதுப் பேரை எழுதி சேவ் பண்ண ஆப் இருந்தா, அதோட நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

ஐந்தாவது, மதிப்பு தப்பா இருந்தா ஆப் என்ன பண்ணும்? 2010 செப்டம்பர் 23-ம் தேதி ஃபேஸ்புக் ரெண்டரை மணி நேரம் விழுந்து கிடந்தது ஒரு கான்ஃபிகரேஷன் மதிப்பாலதான். தப்பான மதிப்பைப் பார்த்தா தானா சரி பண்ற ஏற்பாடு அவங்க கிட்ட இருந்தது. ஆனா மூலத்துல இருந்த மதிப்பே தப்பா ஆயிடுச்சு. ஒவ்வொரு கிளையண்ட்டும் "இது தப்பு, சரியானதைக் கொடு"ன்னு டேட்டாபேஸைப் போய் தட்ட, தட்டுன தட்டுல டேட்டாபேஸ் மூச்சு முட்டிப் போச்சு. கடைசியில சைட்டையே நிறுத்தித்தான் மீட்டாங்க. நம்ம பன்னிரண்டு ரூம் ஆப்புக்கும் அதே பாடம்: புது மதிப்பு சரியில்லன்னா கடைசியா நல்லா ஓடுன மதிப்போட தொடரணும், சத்தமா எச்சரிக்கை குடுக்கணும்.

எல்லாத்தையும் மாத்தலாம்னு வச்சா?

இதைக் கேட்டுட்டு சிலர் உற்சாகத்துல எல்லாத்தையும் செட்டிங் ஆக்கிடுவாங்க. வேணாம். ஆன்-ஆஃப் சுவிட்ச் பத்து இருந்தா, உங்க ஆப் 1,024 விதமா ஓட முடியும். நீங்க டெஸ்ட் பண்ணது அதுல எத்தனை? மாமாவோட ஊர்ல அந்த 1,024-ல எது ஓடுதுன்னு போன்ல கேட்டுக் கண்டுபிடிக்க முடியுமா?

பழைய சுவிட்ச் இன்னும் ஆபத்து. 2012 ஆகஸ்ட் 1-ம் தேதி அமெரிக்காவுல நைட் கேப்பிட்டல்ங்கிற பங்கு வர்த்தக கம்பெனி, எப்பவோ பயன்பாட்டுல இருந்து போன ஒரு ஃப்ளாக்கைப் புது வேலைக்குத் திரும்ப எடுத்துக்கிச்சு. எட்டு சர்வர்ல ஒண்ணுல மட்டும் பழைய கோடு அப்படியே இருந்தது. ஃப்ளாக்கைப் போட்டதும் அந்த ஒரு சர்வர்ல செத்த கோடு உயிர் பெற்று எழுந்து ஆர்டர் மேல ஆர்டரா போட்டுச்சு. சுமார் 45 நிமிஷத்துல 44 கோடி டாலருக்கு மேல நஷ்டம். வேலை முடிஞ்ச செட்டிங்கையும் அதோட கோடையும் சேர்த்து அழிச்சிடுங்க. பேரை மறுபடி பயன்படுத்தாதீங்க.

நான் பின்பற்றுற கணக்கு இது. யாராவது ஒருத்தர், நம்ம உதவி இல்லாம, நிஜமாவே மாத்தப்போற விஷயமா? அப்படி ஒரு ஆளைப் பேர் சொல்லிக் காட்ட முடிஞ்சா செட்டிங். "எதுக்கும் இருக்கட்டும்"னுதான் பதில் வருதுன்னா, கோடுலயே இருக்கட்டும்.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வீட்டுப்பாடம். இந்த வாரம் உங்க ப்ராஜெக்ட்டோட செட்டிங்ஸ் ஃபைலைத் திறங்க. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் ஒரு ஆளோட பேர் எழுதுங்க, யார் முடிவு இது? தேதி தேவைப்படுற வரிக்கு ஒரு நட்சத்திரம் போடுங்க. பேரே எழுத முடியாத வரிகள் எத்தனை, ஒரே ஒரு நம்பரா உட்கார்ந்திருக்கிற நட்சத்திர வரிகள் எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. அடுத்த தடவை கவுன்சில் கூடி விகிதத்தை மாத்துறதுக்குள்ள எதைச் சரி பண்ணணும்னு அந்தப் பட்டியலே சொல்லிடும்.

எண்ணிக்கை என்ன வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.